கர்னல் வீட்டுப் புலி

கர்னல் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. துப்பாக்கி பிடித்ததில்லை, அணிவகுப்பில் நடந்ததில்லை. ஐந்து மாடித் துணிக்கடை ஒன்றின் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்கும் சரக்கு லிஃப்டுக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேலை முடிந்து வீடு திரும்பும் விற்பனைப் பெண்களின் கைப்பைகளைத் திறந்து பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். அதற்கு ஒரு நீலச் சட்டை, தோளில் பட்டை, கழுத்தில் விசில். அந்தப் பெண்களில் யாரோ ஒரு வாயாடி 'கர்னல்' என்று பெயர் வைத்தாள். கிண்டலுக்கு வைத்த பெயரை மனிதர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். குடியிருப்பில் வந்து சொல்லிச் சொல்லிப் பூரித்தார். கடைசியில் அங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது.

பை பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கரண்டியால் கிளறுவார். சீப்பை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். சீப்புக்குள் எதை ஒளித்துவைக்க முடியும் என்று நாம் கேட்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அவர் கண்டுபிடித்ததில்லை. திருடுகிறவர்கள் முன்வாசல் வழியாகக் கையை வீசிக்கொண்டு போனார்கள். "பயம் இருக்கணும். பயம் இருந்தா எல்லாம் தானா நடக்கும்" என்பார். பெரிய தத்துவத்தைக் கண்டுபிடித்துவிட்ட தோரணை வேறு.

வீட்டில் அந்தத் தத்துவம் செல்லுபடியாகவில்லை. மனைவி ஜன்னல் திரைகள் தைக்கிறவள். மிஷின் ஓடும்போது அவர் பேச்சு அவள் காதில் விழாது. விழுந்தாலும் சட்டை செய்ய மாட்டாள். மகள் பல் டாக்டரிடம் உதவியாளர். அலறுகிறவர்களையே நாள் முழுக்கப் பார்க்கிறவள் அப்பாவின் அதட்டலுக்கா அசரப் போகிறாள்? மிச்சம் இருந்தது பூனைதான்.

சரக்கு லிஃப்டுக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளுக்கிடையில் கண்கூடத் திறக்காமல் கிடந்த குட்டி அது. கர்னல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, சொட்டு மருந்துக் குழாயில் பால் ஊட்டி வளர்த்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த மனிதர் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். மஞ்சள் வரியும் பெரிய தலையுமாக வளர்ந்த அதற்குப் புலி என்று பெயர் வைத்தார். படியில் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், புலி கதவருகே வந்து நிற்கும். பூட்ஸைக் கழற்றுவதற்குள் காலைச் சுற்றிச் சுற்றி உரசும். யாரும் பார்க்காதபோது கர்னல் தரையில் உட்கார்ந்து, "என் ராஜா, என் தங்கம்" என்று அதன் நெற்றியில் தன் நெற்றியை முட்டுவார். யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "பார்க்கத்தான் சாது. இது கிட்ட மாட்டின எலி எதுவும் உயிரோட போனதில்ல" என்பார். புலி ஒரு பல்லியைக்கூடப் பிடித்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மகள் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். உள்ளே இரண்டு முயல்கள். கூட வேலை பார்த்தவள் வேறு நாட்டுக்குப் போகிறாளாம், வளர்க்க ஆளில்லையாம். வெள்ளை ஒன்று, ஆண், சாது. பழுப்பு ஒன்று, பெண். அது பெட்டியிலிருந்து இறங்கியதுமே கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சோபாவின் நான்கு காலிலும் தாடையைத் தேய்த்துவிட்டு, நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

"வாடகை குடுக்கிறவங்க மாதிரி உட்காந்திருக்கா பாரு, மகாராணி" என்றாள் மனைவி. முயலுக்குப் பெயரும் அமைந்துவிட்டது.

மகள் விஷயம் தெரிந்தவள். "அப்பா, உடனே ஒண்ணா விடக் கூடாது. கொஞ்ச நாள் முயலுங்க என் ரூம்ல இருக்கட்டும், கதவைச் சாத்தி வைப்போம். இது படுத்த துணியை அதுகிட்டப் போடுவோம், அது படுத்ததை இதுகிட்டப் போடுவோம். வாசனை பழகட்டும். அப்புறம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அதுக்கு அப்புறம்தான் நேருக்கு நேர்" என்றாள்.

கர்னல் சிரித்தார். "துணியாம், வாசனையாம்! கல்யாணமா பண்ணி வைக்கிறே? நான் ஒரு பார்வை பார்த்தா புலி அப்படியே அடங்கிடும். ஒரே வீட்டுல பூனையையும் முயலையும் எப்படி வச்சிக்கிறதுன்னு நான் காட்டுறேன்."

காட்டுவதற்கு ஆள் வேண்டாமா? பின்வாசலில் தன்கீழ் வேலை பார்க்கும் இரண்டு காவலாளிகளை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். குடியிருப்பில் வாட்டர் டேங்க் பார்க்கிற செயலாளர் வந்தார். எதிர்வீட்டு ஃபேன்காரர் கூப்பிடாமலே வந்து கதவில் சாய்ந்து நின்றார். அவர் கூடத்திலேயே கடை போட்டு ஃபேன் ரிப்பேர் பார்க்கிறவர். செருப்பு ஸ்டாண்டு யார் கதவுப் பக்கம் இருக்க வேண்டும் என்று இருவருக்கும் நெடுநாள் தகராறு. பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் வேடிக்கையை விட மனசு வருமா?

கர்னல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு புலியைக் கூடத்தின் நடுவில் இறக்கினார். "யாரும் அசையாதீங்க. பாய வந்தா நான் பிடிச்சிக்குவேன்" என்று எல்லோருக்கும் எச்சரிக்கை கொடுத்தார்.

பாய்ந்தது. பாய்ந்தது மகாராணி. சோபாவுக்கு அடியிலிருந்து உறுமிக்கொண்டே வந்து, புலியின் மூக்கில் முன்னங்கால் இரண்டாலும் படபடவென்று அறைந்து, திரும்பி ஓடியதன் முதுகு ரோமத்தை ஒரு வாய் பிடுங்கியது. புலி போட்ட ஒரே தாவலில் அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. அங்கேயிருந்த பூச்சாடி கீழே வந்து சிதறியது. மகாராணி வாயில் மஞ்சள் ரோமத்தோடு கூடத்தைப் பார்த்து நின்றது. அடுத்து யார் என்று கேட்கிற தோரணை.

ஃபேன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். காவலாளிகள் பாவம், சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்கள்.

"பெருந்தன்மை" என்றார் கர்னல், முகம் சிவந்து. "சின்னதோட மோதாது அது. ஜாதியில பெருசு."

"ஆமா ஆமா, மேல ஏறி உக்காந்து மன்னிச்சிக்கிட்டு இருக்கு" என்றாள் மனைவி.

அன்றோடு திருத்திக்கொண்டிருக்கலாம். மகள் மறுபடியும் மன்றாடினாள். மகாராணிக்கு மிருக டாக்டரிடம் காட்டிக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் இந்த மூர்க்கம் அடங்கும், அதுவரை பால்கனியை வலை போட்டு முயல்களுக்குக் கொடுப்போம், புலியின் சாப்பாட்டையும் மணல் டப்பாவையும் முயல் வராத இடத்தில் வைப்போம். இவ்வளவுதான் அவள் கேட்டது. வெள்ளை முயலால் ஒரு தொந்தரவும் இல்லை. மகாராணி தூங்கும் நேரம் பார்த்து அலமாரியடியில் அதுவும் புலியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்ததை அவளே பார்த்திருக்கிறாள். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும் என்றாள்.

ஆனால் பூனைக்கு முயலிடமிருந்து பாதுகாப்பா? வெளியே தெரிந்தால் என்ன ஆவது? கடைப் பெண்கள் காதில் விழுந்தால்? காவலாளிகள் ஏற்கெனவே அவர் முதுகுக்குப் பின்னால் காதுக்கு மேலே இரண்டு விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். பழக்கணும். அதுக்கு ரோஷம் வரணும்" என்றார் கர்னல்.

ரோஷம் வரவழைக்க அவர் கண்டுபிடித்த வழியை என்னவென்று சொல்ல? சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் புலியைக் கழுத்தோடு தூக்கி, மகாராணிக்கு எதிரே கொண்டு போய் வைத்து, "எதிர்த்து நில்லு! நில்லுடா!" என்று அழுத்திப் பிடித்துக்கொள்வார். தன்னைப் பிடித்திருக்கும் கையை நம்பி அது ஓடாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. மகாராணி காதைக் கடித்துக் கிழித்தது. அதற்கப்புறமும் விட்டாரா? மறுநாளும் பிடித்தார்.

புலி மெலிந்தது. தட்டுக்குப் போக முடியாமல் மகாராணி குறுக்கே உட்கார்ந்திருக்கும். மணல் டப்பாவுக்கும் போக முடியாமல், ஒருநாள் கர்னலின் நீலச் சட்டை மேலேயே ஒன்றுக்கு இருந்துவிட்டது. "நல்ல இடமாத்தான் பார்த்திருக்கு" என்று மனைவி துவைக்கப் போட்டாள். கர்னல் பயந்துதான் போனார். மீன் துண்டு வாங்கி, புலியைச் சட்டைக்குள் மறைத்து மொட்டைமாடிப் படிக்குக் கொண்டுபோய், கையால் ஊட்டினார். "சாப்பிடுடா கண்ணு. உனக்கு என்னடா ஆச்சு?" என்று அழாத குறை. என்ன ஆச்சு என்று வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அந்த முயல் உட்பட.

இப்படிப் பாசத்தை மாடிப்படியில் ஒளித்துக் காட்டி, வீறாப்பைக் கூடத்தில் விரித்து வைத்தால் எந்த ஜீவன் தங்கும்? ஒருநாள் பால்காரன் வந்தபோது திறந்த கதவு வழியாகப் புலி வெளியேறியது. திரும்பி வரவில்லை.

கர்னல் தெருத் தெருவாக அலைந்தார். கார்களுக்கு அடியில் குனிந்து நாக்கைச் சொடுக்கிக் கூப்பிடுவார். தெரிந்தவர் யாராவது வந்தால் நிமிர்ந்து, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் உதைப்பார். யாருடைய டயர் என்று கேட்டால் அடுத்த காருக்கு நகர்ந்துவிடுவார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். வேலையில் ஒரு பெண்ணின் பையைத் திறந்தவர் உள்ளே பார்க்காமலே மூடிக் கொடுத்தார்.

மனைவிக்கே மனசு தாங்கவில்லை. "ஊரெல்லாம் எதுக்குத் தேடுறீங்க? எதிர்வீட்டுல இருக்கு. ஃபேன் அட்டைப் பெட்டிக்குள்ள தூங்குது. நானே பார்த்தேன். போய் ஒரு வார்த்தை கேட்டா குடுத்துடப் போறாரு."

"அவன்கிட்டயா? நானா?"

"உங்களுக்குப் பூனை வேணுமா, செருப்பு ஸ்டாண்டு வேணுமா?"

கர்னல் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு கதவு வரை போனார். எதிரே ஃபேன்காரரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரிடமோ எதற்கோ சிரிக்கிறார். கர்னல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். நாளைக்குப் போகலாம் என்றார். மறுநாளும் அதையே சொன்னார்.

அடுத்த ஞாயிறு தண்ணீர்ப் பிரச்சினைக்காகக் குடியிருப்பே கர்னல் வீட்டுக் கதவுக்கு வெளியே நடையில் கூடியிருந்தது. செயலாளர் பேச, எல்லோரும் கத்த, கர்னலும் நீலச் சட்டையோடு ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஃபேன்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். தோளில் புலி.

"கர்னல் சார், கோவிச்சுக்காதீங்க. இது உங்க பூனைதானே? முன்னாடியே கொண்டு வந்திருக்கணும். காது சீழ் பிடிச்சிருந்துச்சு, மருந்து போட்டு ஆற வச்சேன். இப்பதான் நல்லாச் சாப்பிடுது." கிண்டல் இல்லை. நிஜமாகவே கொடுக்கத்தான் வந்திருந்தார்.

"காதுல என்ன?" என்றார் செயலாளர்.

"முயல் கடிச்சதுங்க!" என்று கூட்டத்தில் ஒரு குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்லா முகமும் கர்னலைப் பார்த்துத் திரும்பியது.

கையை நீட்டியிருந்தால் போதும். ஒரு நிமிஷச் சிரிப்பு, அவ்வளவுதானே? சிரித்துவிட்டுத் தண்ணீர் விஷயத்துக்குப் போயிருப்பார்கள்.

"இது என் பூனை இல்ல" என்றார் கர்னல்.

மனைவி மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் புலி ஃபேன்காரரின் தோளிலிருந்து குதித்து, கூட்டத்தின் கால்களுக்கிடையே ஓடி வந்து, கர்னலின் பூட்ஸைச் சுற்றிச் சுற்றி உரசியது. தலையை அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்துக் கத்தியது.

கர்னல் காலை இழுத்துக்கொண்டார். "என் புலி எவ்ளோ பெருசு? அதை எங்க கம்பெனிக் கோடவுனுக்கு அனுப்பியிருக்கேன். எலித் தொல்லைன்னு கேட்டாங்க. இது ஏதோ தெருப் பூனை."

ஃபேன்காரர் சிரிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கர்னலைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. குனிந்து பூனையைத் தூக்கினார். "சரிங்க சார். அப்ப நானே வச்சிக்கிறேன்" என்று உள்ளே போனார்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி கத்துவாள் என்று கர்னல் காத்திருந்தார். அவள் கத்தவில்லை. "உங்களைப் பார்த்து ஓடி வர்றதுன்னு உலகத்துல ஒண்ணுதாங்க இருந்துச்சு" என்றாள். அப்புறம் திரையைத் தைக்கப் போய்விட்டாள்.

மகள் இந்த முறை அப்பாவின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. மகாராணிக்கு ஆபரேஷன் ஆயிற்று, பால்கனிக்கு வலை வந்தது. முன்னமே செய்திருக்க வேண்டியதுதான். முயல் இரண்டும் அங்கே வைக்கோலில் படுத்துக் கிடக்கின்றன. மகாராணி இப்போது யாரையும் அடிப்பதில்லை.

கர்னல் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே படியிறங்கினார். பிறகு ஒரு காலை, எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. மேஜையில் பிரித்துப் போட்ட ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே புலி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. காது ஆறி, உடம்பு தேறி, மினுமினுவென்று இருந்தது. நடையில் வேறு யாரும் இல்லை. கர்னல் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கதவோரம் குனிந்து, "புலி... டேய், என் ராஜா" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

பூனை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பிறகு தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மேஜைக்கு அந்தப் பக்கம் குனிந்து திருகாணி தேடிக்கொண்டிருந்த ஃபேன்காரர் எழுந்து நின்றார். "யாரைக் கூப்பிடுறீங்க சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"யாரையும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கர்னல் வேலைக்குப் போனார்.