சண்டைக் காலத்துக் குண்டுப் பெண்

சண்டைக் காலத்தில் குண்டாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஊரே ரேஷன் கடை வாசலில் பையோடு நின்றது. கிடைக்கிற அரிசியிலும் பாதி கல்லும் புழுவும். அந்த நாளில் பதினோரு வயதான நான் மட்டும் நடந்தால் மூச்சு வாங்கும் அளவுக்குப் பருத்திருந்தேன். எட்டு வயதுத் தம்பி என்னைப் பூசணி என்றுதான் கூப்பிடுவான். துரத்திப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் என்றால் நாலு எட்டுக்கு மேல் ஓட முடியாது. வாயால் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

அப்பா திருத்தணி மலைக்கோவில் மடைப்பள்ளியில் சமையல் செய்தார். நைவேத்தியம் ஆனதும் அவர் பங்காகக் கொஞ்சம் பொங்கலும், கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்த ஒரு பட்டைச் சாதமும் கொடுப்பார்கள். தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு படியிறங்கி வருவார். நாங்கள் நாலு பேரும் அதை நம்பித்தான் இருந்தோம்.

எனக்கு முன் பிறந்த இரண்டு பெண்களும் காய்ச்சலில் போய்விட்டார்கள். கடைசியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள் என்று அம்மா அடிக்கடி சொல்லுவாள். அதனால் என் கன்னம் உப்பியிருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நெய்யும் வெல்லமும் சேர்ந்த பொங்கல் என் இலைக்கு. பட்டைச் சாதமும் முக்கால்வாசி என் இலைக்கு. கண் பட்டுவிடும் என்று தெருவில் விளையாட விடமாட்டாள், மலைப்படி ஏறவும் விடமாட்டாள். தின்பதும் உட்காருவதுமாக நான் ஊதிக்கொண்டே போனேன். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

ஒரு நாள் காலையில் பூக்காரி முழம் போட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊரே பசில காஞ்சிகினு கெடக்குது. உன் பொண்ணுக்கு மட்டும் இன்னாம்மா போட்ற? மடப்பள்ளில நெய்யி கொறையுதாம். ஐயிரு ஊட்டுக்குச் சொமந்துகினு போறாருன்னு பேசிக்கிறாங்க."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே, கோவில் மணியக்காரர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. திருட்டு என்று சொல்லிவிட்டால் அப்பாவுக்கு மடைப்பள்ளி வேலை போய்விடும். ஜெயிலும் உண்டு என்றான் தம்பி. அப்பா எதையும் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை யார் நம்புவார்கள்? திருட்டுக்குச் சாட்சியாக என் உடம்பே நிற்கிறதே. அம்மாவின் பழம்புடவையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டிப் பார்த்தேன். கட்டுக்கு மேலே ஒரு வயிறு, கீழே ஒரு வயிறு என்று இரண்டாகப் பிதுங்கியது.

உச்சிக்காலப் பூஜை முடிந்து அப்பாவோடுகூடவே மணியக்காரர் வந்தார். அம்மா என்னைப் பின்கட்டு நெற்குதிருக்குப் பின்னால் தள்ளி, மூச்சு விடாதே என்றாள். தலையும் ஒரு தோளும்தான் மறைந்தன. மணியக்காரர் குதிருக்குள் எட்டிப் பார்த்தார். அது காலி. பிறகு பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"வெளிய வாம்மா."

வந்தேன். அவர் பானைகளைத் திறந்தார், உறியைத் தடவினார், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தம்பியிடம் திரும்பினார்.

"நேத்து இன்னா சாப்ட்ட?"

"கஞ்சி."

"உங்கம்மா?"

"அம்மா கஞ்சித்தண்ணி குடிச்சா. பட்டை அக்காவுக்குத்தான். எப்பவும் அக்காவுக்குத்தான்."

மணியக்காரர் அப்பாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அம்மாவை மட்டும் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் பாத்துகினேன் ஐயிரே. பேசறவன் பேசிகினுதான் இருப்பான். நீங்க போய் வேலையப் பாருங்க."

அவர் போனதும் அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்கும் உயிர் வந்தது. மணியக்காரர் அத்தனை நேரம் எதைப் பார்த்தார் என்று நானும் அம்மாவைப் பார்த்தேன். தோள் எலும்பு புடவைக்கு மேலே புடைத்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் குழி விழுந்திருந்தது. தினமும் பார்க்கிற முகம்தான், நான் பார்த்ததே இல்லை. போன அக்காக்கள் கடைசியில் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று தோன்றியது. ஜெயிலுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

அம்மா தூக்கைத் திறந்து சாதத்தைப் பிசைந்து, முதல் கவளத்தை என் முன் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்மா. நீ சாப்பிடு."

அவள் கை அப்படியே நின்றது. இடது புறங்கையை என் நெற்றியில் வைத்தாள், கழுத்தில் வைத்தாள்.

"ஏண்டி வேண்டாங்கறே? சுடறதா? உடம்பு என்னடி பண்றது?"

அந்தக் கண்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கவளத்துக்கு வாயைத் திறந்தேன்.