மைலேஜ் திரையின் மேல் ஒரு கைக்குட்டை

முதலாளியை அந்த டர்போ ஸ்டேஷன் வேகனை வாங்க வைத்தது நான்தான். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன், அச்சில் வந்ததையெல்லாம் நம்புவேன். சைகோன் மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் அது ஏழு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. இந்த மாதமும் ஏழுதான் என்றால் வண்டியை விற்றுவிடுவதாகச் சொல்லிவிட்டார் முதலாளி. வண்டி போனால் டிரைவர் எதற்கு?

அந்தக் கவலையோடுதான் முதலாளியின் விருந்தாளியை டான் சோன் நாட் விமான நிலையத்தில் ஏற்றினேன். காரைக்கால்காரர், மருதாணித் தாடி. டோங் டு பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். முன் சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெரிய கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஏசியை அணைத்திருந்தேன். கண்ணெல்லாம் நடுவிலிருந்த மைலேஜ் திரையில். இரண்டு முறை திடீர் பிரேக் போட்டேன்.

"என்ன தம்பி, அதுல படமா ஓடுது?"

"மைலேஜ் பாக்குறேன் பாய். ஏழுக்கு மேல ஏறலன்னா எனக்கு வேல இல்ல."

"நீங்க பாத்தா ஏறுதா?"

"இல்ல பாய்."

கைக்குட்டையை விரித்துத் திரையின் மேல் தொங்கவிட்டார். "ரோட்டப் பாருங்க. ஏசியவும் போடுங்க, வேர்த்து ஊத்துது."

அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் திடீர் பிரேக் போடவில்லை. பள்ளிவாசல் வாசலில் கைக்குட்டையை எடுத்து மடித்துக்கொண்டு இறங்கினார். திரையில் எட்டரை. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனிதரால் எப்படிப் பார்க்காமல் இருக்க முடிந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வண்டியை முதலாளி விற்கவில்லை. நானும் ஒரு கைக்குட்டை வாங்கித் திரையில் தொங்கவிட்டிருக்கிறேன். சிக்னலுக்குச் சிக்னல் அதன் முனையைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.