குமரன் ஸ்கூல் விட்டு வந்துட்டானா?

போன வாரம் நாகப்பட்டினம் போயிருந்தேன், தனம் அக்காவைப் பார்க்க.

என் பெரியம்மா மகள். மன்னார்குடியில் ஒரே வீட்டில் வளர்ந்தோம். கதவைத் திறந்தவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் மரியாதையாகக் கேட்டாள்.

“வாங்க... யாரைப் பார்க்கணும்?”

‘வாடி’ என்பதைத் தவிர வேறு வார்த்தையால் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. ஒரு ‘ங்க’ இப்படி வலிக்குமா? வலித்தது.

உள்ளேயிருந்து அத்தான் வந்தார். அக்காவின் கணவர், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். “நம்ம சுமதி, தனம். தஞ்சாவூர்லேர்ந்து வந்திருக்கா” என்றார்.

“அப்படியா... உட்காருங்க” என்றாள் அக்கா. உட்கார்ந்ததும் அடுத்த கேள்வி. “வர்ற வழியில எங்க குமரனைப் பார்த்தீங்களா? ஸ்கூல் விட்டிருப்பாங்களே...”

நான் அத்தானைப் பார்த்தேன்.

குமரன் அவர்களுடைய ஒரே பிள்ளை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கிரிக்கெட் பேட்டைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினான். ஒன்பது வயது. ‘வந்து சாப்பிடறேம்மா’ என்றானாம். மறுநாள் உடலாகத்தான் கிடைத்தான்.

“குமரன் டியூஷன் போயிருக்கான். வந்துடுவான்” என்றார் அத்தான், சாதாரணமாக. அக்கா தலையாட்டினாள். அவ்வளவுதான். முகத்தில் ஒரு நிம்மதி.

எனக்குத் தட்டு போட்டுச் சோறும் மீன்குழம்பும் பரிமாறினார் அத்தான். அக்காவுக்கு ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊட்டினார். சாப்பிட்டதும் அவள் தூங்கிப்போனாள். அப்புறம்தான் அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்திருக்கிறது. குழம்பில் இரண்டு தடவை உப்பு... கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது... காலமெல்லாம் போய்வந்த மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது. “வயசானா அப்படித்தான்” என்றார்கள் சொந்தக்காரர்கள். “வேணும்னே பண்றா” என்றும் ஒருத்தர் சொன்னாராம். போகாத கோயில் இல்லை. நாகூர் தர்காவிலும் போய் உட்கார்ந்து வந்தார்கள். மனசுக்கு ஆறுதல் கிடைத்தது. டாக்டரிடம் மட்டும் போகத் தோன்றவில்லை. நமக்கெல்லாம் டாக்டர் என்றால் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும்தானே?

பிறகு குமரனைத் தேட ஆரம்பித்தாள்.

“ஆரம்பத்துல நான் உண்மையைத்தாம்மா சொன்னேன்” என்றார் அத்தான். “அவன் போயிட்டான் தனம், சுனாமியில போயிட்டான்னு. கேட்டதும் வயித்துல அடிச்சிக்கிட்டு அழுவா. அன்னைக்கு அழுதாளே, அதே அழுகை. அழுது ஓஞ்சு தூங்குவா. எழுந்து வந்து திரும்பவும் கேப்பா... குமரன் எங்கேன்னு.”

நினைத்துப் பாருங்கள். பிள்ளையைச் சாகக் கொடுப்பது ஒரு தடவை போதாதா?

ஒருநாள் சாயங்காலம் அக்காவைக் காணவில்லை. அத்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினார். கடைசியில் குமரன் படித்த ஸ்கூல் வாசலில் இருந்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்களோடு அம்மாவாக, சீவி முடித்து, பூ வைத்துக்கொண்டு. பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“அந்த எடத்துல எப்படிம்மா சொல்றது? வாயில வந்ததைச் சொன்னேன். குமரன் டியூஷன் போயிட்டான், வா போகலாம்னு. பேசாம வண்டியில ஏறிக்கிட்டா. வீடு வர்ற வரைக்கும் நான்தான் அழுதுக்கிட்டே ஓட்டினேன். பின்னாடி இருந்ததால அவளுக்குத் தெரியலை.”

அதன் பிறகுதான் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். டிமென்ஷியா, அதில் அல்சைமர் என்ற வகை. மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிற நோய். புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை பிறகு. முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் சில தொந்தரவுகளை மருந்தால் தணிக்கலாம், வீட்டில் இருப்பவர்களும் தயாராகலாம்.

அத்தான் டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். “நான் பொய் சொல்றது தப்பாங்க?”

“உங்களுக்கு அது பழைய சாவு சார். அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் இன்னைக்கு நடந்த சாவு. தினமும் எதுக்கு இழவு சொல்லணும்?”

அதிலிருந்து குமரன் டியூஷனில் இருக்கிறான்.

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தத் தேதிக்கு இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய்ப் பால் ஊற்றி வருவார்கள். போன தடவை, பக்கத்து வீட்டில் அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அத்தான் மட்டும் போனார். “இவ்வளவு நாளா அவனுக்காக அழ ரெண்டு பேர் இருந்தோம்மா. இப்ப நான் ஒருத்தன்தான்” என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது சொன்னதையே சொன்னால், பழகின தெருவில் வழி தவறினால், சட்டென்று ஆளே மாறிப்போனால்... ‘வயசு’ என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டோ, ஒரு வைட்டமின் குறைவோகூடக் காரணமாக இருக்கலாம், அதெல்லாம் சரிசெய்யக்கூடியது. எதுவானாலும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ, நானோ அல்ல.

கிளம்பும்போது, வாசல் வரை வந்தார் அத்தான். அக்காவுக்கு என்ன மாத்திரை, தூக்கம் வருகிறதா, கோபப்படுகிறாளா... எல்லாம் விசாரித்து முடித்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது.

“நீங்க சாப்பிட்டீங்களா அத்தான்?”

யாரும் தன்னைக் கேட்டுப் பழக்கமில்லாதவர் மாதிரி, கொஞ்சம் யோசித்தார். “இன்னும் இல்லைம்மா.”

மணி நாலாகியிருந்தது.