அம்மா முதலில் கேட்பது

ஆங்கிலச் செய்தியின் முதல் வாக்கியத்தைச் சாமிக்குப் படைத்ததைப் போலப் பார்த்தவள் நான். அதில் கை வைக்க மாட்டேன். வந்த வரிசை மாறாமல் அப்படியே தமிழில் இறக்கிவைப்பேன். எங்கள் செய்தி ஆசிரியரின் கட்டளையும் அதுதான்.

மொன்றியலில் பல மொழிகளில் ஒலிபரப்பாகும் எங்கள் சின்ன வானொலியில், அதே வாக்கியத்தைச் சீன மொழிக்குக் கொண்டுபோகிறவள் என் பக்கத்து மேசைக்காரி. அவளுக்கு அந்தப் பயபக்தியெல்லாம் கிடையாது. ஒருமுறை வாசிப்பாள், தாளைக் கவிழ்த்துவைப்பாள், சமையலறையில் நிற்கும் தன் அம்மாவுக்குச் சொல்வதுபோல முணுமுணுப்பாள். அம்மா முதலில் எதைக் கேட்பாரோ அதுதான் அவளுடைய முதல் வரி.

"உன் அம்மா இன்றைக்கு என்ன சமைக்கிறார்?" என்று எங்களுக்குப் பொதுவான அரைகுறைப் பிரெஞ்சில் சீண்டுவேன்.

"சத்தம் போடாதே, அவருக்குக் கேட்காது" என்பாள்.

போன பனிக்காலத்தில் ஒரு காலை, பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்ததாகச் செய்தி வந்தது. அண்ணன் குடும்பம் இருக்கும் தெரு. அழைத்தேன், அண்ணன் எடுக்கவில்லை. லவாலில் என் வீட்டில் அம்மா இருந்தார். இருதய சத்திரசிகிச்சை முடிந்து அப்போதுதான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். என் செய்தியை ஒருநாளும் தவறவிடாதவர். ஒலிபரப்புக்கு நேரமாகிவிட்டது.

வழக்கம்போலத் தெருவின் பெயரில் தொடங்கினேன். எல்லோரும் பத்திரமாக வெளியேறியதாகத் தீயணைப்புப் படை சொன்னது வாக்கியத்தின் கடைசியில் கிடந்தது. பக்கத்து மேசைக்காரி எழுந்து வந்து என் ஆங்கிலத் தாளைக் கவிழ்த்தாள்.

"உன் அம்மா கேட்கிறார். சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்" என்றேன்.

"அதை எழுது."

அதைத்தான் முதலில் வாசித்தேன். தீயும் தெருவும் பின்னால் வந்தன. கண்ணாடிக்கு அப்பால் செய்தி ஆசிரியர் முறைத்தார். முறைக்கட்டும்.

வெளியே வந்ததும் அம்மாவின் அழைப்பு.

"கொண்ணன் இப்பதான் கதைச்சவன். போனை வீட்டுக்குள்ள விட்டுட்டு ஓடிவந்தவையாம். எல்லாரும் சுகம்."

"பயந்துபோனீங்களோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை எண்டு நீ முதல்லயே சொல்லிட்டாய். பேந்துதானே தெருப் பேரைச் சொன்னனி. கதிரையில இருந்தபடியே கேட்டன்."

அம்மா பதறாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கதிரையை நினைத்து நினைத்து அழுதேன். பக்கத்து மேசைக்காரியிடம் போய், "உன் அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும்" என்றேன். கேலி என்று நினைத்தாளோ என்னவோ, உடனே வீட்டுக்கு அழைத்து என் கையில் கைபேசியைத் திணித்தாள். சீனமொழி ஒரு சொல்லும் தெரியாத நான் "மெர்சி, மெர்சி" என்று விம்மினேன். மறுபக்கத்திலிருந்து அந்த அம்மா ஏதோ கேட்டார். விளங்காமல் அவளைப் பார்த்தேன்.

"சாப்பிட்டாயா என்று கேட்கிறார்" என்றாள்.