ரெண்டு ஆளை ஒரு ஆளாக்குற வேலை

ஒரே ஆளு கம்ப்யூட்டர்ல ரெண்டு ஆளா இருந்தா, அவரைக் கண்டுபுடிச்சு ஒரு ஆளாக்குறதுதான் என் பொழப்பு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை பக்கத்துல, தொழிலாளருங்களுக்கு இலவசமா கேஸ் நடத்துற உதவி மையம் ஒண்ணு. அங்க நான்தான் கம்ப்யூட்டர் ஆளு, பொன்னேரியிலேர்ந்து ட்ரெயின்ல போய்க்கினு இருக்கேன். எங்க வக்கீல் சார் ஒருநாள், "புது சாப்ட்வேர் வருது, அதுக்குள்ள டூப்ளிகேட் லிஸ்டை ஜீரோ ஆக்கிடும்மா"ன்னுட்டுப் போயிட்டாரு. ஒரு தடவை சேத்துட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது. ஸ்க்ரீனைப் பாத்துப் பாத்துக் கண்ணு எரிஞ்சவங்க யாராச்சும் இதைப் படிச்சா, என் கஷ்டத்தை உங்களுக்குத் தனியா சொல்ல வேணாம்.

ஸ்கூல் தொறந்த நாள்ல பொறந்தவங்க

மொத நாளே, இப்ப இருக்குற பழைய சாப்ட்வேர் ஒரு கும்பலைக் காட்டி, எல்லாரும் ஒரே ஆள் மாதிரி தெரியுது, சேக்கலாமான்னு கேட்டுச்சு. ஒரே பொறந்த தேதி, ஒரே போன் நம்பர், ஒரே தெரு. பேரு மட்டும் முருகன், சரவணன், டேவிட், ராஜாத்தின்னு விதவிதமா இருக்குது. ராஜாத்தியும் டேவிட்டும் எப்படிங்க ஒரே ஆளாவாங்க?

அந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தது ஜெயம்மா, எளாவூர்ல டீக்கடை வெச்சிருக்காங்க. கம்பெனியில போனை கேட்டுலயே வாங்கி வெச்சுப்பாங்க, அதனால அந்தத் தெருவுல எல்லாரும் ஜெயம்மா நம்பரைத்தான் குடுப்பாங்களாம். சேதி சொல்றது அவங்க பொறுப்பு. சரி, பொறந்த தேதி எப்படி எல்லாருக்கும் ஒண்ணா இருக்குதுன்னு கேட்டேன். டீ ஆத்துற சத்தத்துக்கு நடுவுல சொன்னாங்க: "அது ஹெட்மாஸ்டர் வேலை கண்ணு. யாரு எப்போ பொறந்தாங்கன்னு பெத்தவங்களுக்கே தெரியல. அவருதான் ஸ்கூல் தொறந்த அன்னிக்கு எல்லாரையும் ஒண்ணாப் பெத்துப் போட்டாரு."

லட்சுமிக்குப் பிரசவ லீவு

எனக்குப் பக்கத்து சீட்டு குமாரு. பொறுமைன்னா கிலோ இன்னா விலைன்னு கேக்குற ஆளு. சோழவரத்துலேர்ந்து ஒரே பேரு, ஒரே ஊடு, ஒரே நம்பர்னு ரெண்டு லட்சுமி லிஸ்ட்ல வந்தாங்க. ஒருத்தருக்குப் பொறந்த தேதி கட்டமே காலி. குமாரு யோசிக்கவேயில்ல, படக்குனு சேத்துட்டான். அவங்க மாமியாரும் மருமகளும். மருமக, கம்பெனியில பிரசவ லீவு தரலைன்னு கேஸ் போட்டவ. மாமியார், முதியோர் பென்ஷன் நின்னு போச்சுன்னு வந்தவங்க.

அடுத்த வாரம் மாமியார் வந்து, தன் கேஸ் இன்னாச்சுன்னு கேட்டாங்க. குமாரு தலையக் கூட நிமித்தாம, "உங்க பிரசவ லீவு விசாரணை திங்கக்கிழமைம்மா, டாக்டர் சீட்டு எடுத்துக்கினு வந்துடுங்க"ன்னான். அப்புறம் ரெண்டு பேரையும் ஆரம்பத்துலேர்ந்து திரும்பப் பதியணும், ஒரே பேஜாரு. எனக்கு சிரிப்பு தாங்கல, ஆனா அன்னியிலேர்ந்து ஒரு போன் போட்டுக் கேக்காம அந்த சேக்குற பட்டனை நான் தொடுறதில்ல. அந்தம்மா போறப்போ குமாருகிட்ட நிதானமா கேட்டாங்க: "ஏம்பா, இந்த வயசுல எனக்குப் பிரசவ லீவு கேட்டுருக்கியே, கம்பெனிக்காரன் சரின்னுட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

ஏழுமலையும் ஸ்டீபனும்

எல்லாம் முடிஞ்சு லிஸ்ட்ல ஒரே ஒரு ஜோடி நின்னுது. ஏழுமலை, ஸ்டீபன். பேரு வேற, போட்டோவுல அதே மூஞ்சி. எங்க பக்கம் இது சகஜம். சர்ட்டிபிகேட்டுல ஒரு பேரு, சர்ச்சுல ஒரு பேரு, ரெண்டுக்கும் திரும்பிப் பாப்பாங்க. அப்பாடா, இதையும் சேத்துட்டா ஜீரோன்னு சந்தோஷமா அவரை வரச்சொன்னேன். ஷிப்ட் முடிச்சு, நாஷ்டா கூட பண்ணாம ஓடியாந்தாரு.

"ரெண்டும் நீங்கதானே அண்ணே?"

"நான்தான் மேடம். ஆனா சேக்காதீங்க."

கதையைக் கேளுங்க. ஸ்டீபனுக்கு கிளவுஸ் தரலைன்னு அவரு கேஸ் போட்டாரு. கான்ட்ராக்டர் ஆளையே வெளிய அனுப்பிட்டான். இவரு சும்மா இல்லாம, அதே கம்பெனியில வேற கான்ட்ராக்டர்கிட்ட, வேற கேட்டு வழியா, ஏழுமலையா சேந்துட்டாரு. சேந்தவரு சும்மா இருந்தாரா? ஏழுமலைக்கு ஷூ தரலைன்னு நம்மகிட்டயே இன்னொரு கேஸ். நான் சேத்தா, கம்பெனிக்குப் போற அடுத்த நோட்டீஸ்ல 'ஏழுமலை என்கிற ஸ்டீபன்'னு சாப்ட்வேரே அடிச்சுடும். அப்புறம் அந்த கேட்டும் மூடிடும். புள்ளைங்க ரெண்டு பேரும் படிக்கிறாங்க, ஊட்டுல வேற சம்பாத்தியம் கெடையாது. கையைப் பெசஞ்சுக்கினே சொன்னாரு: "ஸ்டீபனுக்குக் கேஸ் இருக்குது, ஏழுமலைக்கு வேலை இருக்குது மேடம். ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டா எனக்கு ரெண்டுமே பூடும்."

சேத்தா இந்த ஆளு வேலை போவுது, சேக்காட்டி சார்கிட்ட யாரு பாட்டு வாங்குறது? நேரம் பாத்து சாரே உள்ள வந்தாரு. ஸ்க்ரீனை அவரு பக்கம் திருப்பி, விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைத் தூக்கி நெத்தியில விட்டுக்கினு, ரெண்டு போட்டோவையும் பாத்தாரு, எதுருல நிக்கிற ஆளையும் பாத்தாரு. அப்புறம் ரொம்ப சீரியஸா சொன்னாரு: "அவருக்கு மீசை இருக்குது, இவருக்கு இல்ல. வேற வேற ஆளும்மா, விட்டுடு."

லிஸ்ட் இன்னும் ஜீரோ ஆவல. ஏழுமலையும் ஸ்டீபனும் தெனமும் ஒரே சைக்கிள்ல, டபுள்ஸ் அடிக்காமலே, கம்பெனிக்குப் போய்க்கினு இருக்காங்க.