புதிய படிவம் என்று வந்த கோப்பு

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு அருகே கணினி மையம் நடத்தும் அக்கா ஒரு காலையில் என்னை அழைத்தார். நெல் கொள்முதலுக்குப் பதிவு செய்ய விவசாயிகள் வரிசையில் நின்றிருந்த நேரம். மையம் நடத்துபவர்களின் வாட்ஸப் குழுவில் 'புதிய படிவம்' என்று ஒரு கோப்பு வந்திருந்தது.

"ஆன்டிவைரஸ் ஒண்ணும் சொல்லல. படத்துல பிடிஎஃப் மாதிரி கீது, பேரு கடைசில மட்டும் எக்ஸ்ஈன்னு கீது. தொறக்கட்டா?"

"தொறக்காதீங்கக்கா. எக்ஸ்ஈன்னா படிவம் இல்ல, ஓடுற புரோகிராம். இதோ வரேன்."

சென்னை நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே தீய நிரல்களை ஆராய்வதுதான் என் வேலை. சோதனைக்கென்றே வைத்திருக்கும், இணையம் இல்லாத மடிக்கணினியோடு மையத்துக்குப் போய், அதில் கோப்பை ஏற்றி, இயக்காமல் உள்ளே பார்த்தேன். சாதாரண நிரலில் பிழைச் செய்திகள், பொத்தான்களின் பெயர்கள் என்று படிக்கும்படி ஏதாவது இருக்கும். இதில் மேலிருந்து கீழ்வரை வெறும் குழப்பம். விண்டோஸிடம் ஒரு நிரல் கேட்கும் உதவிகளின் பட்டியல் நீளமாக இருக்கும். இதில் இரண்டே இரண்டு. மற்றதையெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு தேடிக்கொள்ள அந்த இரண்டும் போதும். உண்மையான நிரலைச் சுருக்கி உள்ளே ஒளித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"சுருக்கி மறைச்சதெல்லாம் திருட்டுன்னு இல்லக்கா. நல்ல சாஃப்ட்வேரும் அப்படி வரும். ஆனா ஒரு படிவம் எதுக்கு மறைஞ்சு வரணும்?"

வரிசையில் முன்னால் நின்றவர் பொறுமை இழந்தார். "இன்னாமா, இன்னிக்கு ஆவுமா ஆவாதா? நெல்லு களத்துல கீது, வானம் மூடிக்கினு வருது."

அக்கா என்னைப் பார்த்தார். "நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா?"

"போகாதுக்கா. பாருங்க."

அவர் கண்முன்னே என் மடிக்கணினியில் அதை ஓடவிட்டேன். சில நொடிகளில் தன்னைத்தானே பிரித்துக்கொண்டு, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் இருக்கும் இடத்துக்கு நேராகப் போனது. நிரல் தொடும் இடங்களையெல்லாம் வரிவரியாகக் காட்டும் கண்காணிப்புத் திரையில் அந்த வரியைக் காட்டினேன்.

"அடப்பாவி!" என்றவர் உடனே குழுவில் குரல்செய்தி போட்டார். தாமல் பக்கம் மையம் நடத்தும் ஒருவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். அவர் ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார். அக்காவிடமிருந்து போனை வாங்கி இணைய வயரைப் பிடுங்கச் சொன்னேன், வேறு கணினியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றச் சொன்னேன். அவர் மாற்றி முடிக்கும்வரை போனை வைக்கவில்லை.

அக்கா வழக்கமான இணையதளத்திலேயே பதிவைத் தொடங்கினார். மதியத்துக்குள் வரிசை கரைந்தது. பிறகு தன் பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டு அழிக்க உட்கார்ந்தார். கோப்பை நான் ஆராய்ந்ததைவிட அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.