சூசையப்பர் பந்தி

சவரியாத்தாள் பஞ்சாலைக் கூலியாகக் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் அவளைப் புனிதை என்கிறார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உயிரோடு இருந்தபோது இவர்கள் வைத்த பெயர் வாயாடி.

கோயம்புத்தூரில் என் அண்ணன் இன்னாசிக்கு மரக்கடை. அண்ணி லூர்தம்மாளின் அடுப்படியில் சவரியாத்தாள் பத்து வருஷம் சமைத்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மத்தியானம் தன் பங்குச் சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டுப் புளியமரத்தடிக்குப் போவாள். அங்கே இருந்த குஷ்டரோகிகளின் புண்ணைக் கழுவிக் கட்டி, ஊட்டிவிட்டுத் திரும்புவாள். அந்தக் கையால் சமைக்கலாமா என்று அண்ணி ஒருநாள் கேட்டதற்கு, சோப்புப் போட்டுக் கழுவின கைதான் என்றாள். அண்ணியாலும் அவளை விட முடியவில்லை. அவள் வைக்கும் குழம்பு அப்படி.

மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள். ஏழைகளில் ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு குழந்தை மூவரையும் சூசையப்பரும் மாதாவும் பாலனுமான திருக்குடும்பமாகப் பாவித்து உட்காரவைத்து, முழங்காலிட்டுச் செபம் சொல்லி, வீட்டுக்காரியே முதலில் பரிமாறுவது வழக்கம். செபம் முடிந்துவிட்டால் அவர்கள் கைகழுவும்வரை யாரும் எழுப்பக்கூடாது. எங்கள் வீட்டு ஏழைக் கிழவர் எப்போதும் அண்ணியின் சித்தப்பாதான். அவருக்கு நாலு ஏக்கர் தோட்டம் இருந்தது.

முப்பத்தி நாலாம் வருஷம் சித்தப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆள் கூட்டிவரும் வேலை சவரியாத்தாளிடம் வந்தது. இட்லி விற்கும் நஞ்சம்மாளும் அவள் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். கூடவே போர்வை போர்த்திய ஒரு கிழவர். பசி அவசரத்தில் நாங்கள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துச் செபத்தை ஓட்டி முடித்தோம். இலையில் தண்ணீர் தெளிக்கக் கிழவர் கையை வெளியே நீட்டினார். விரல்கள் இல்லை. காங்கேயத்தில் ஒரு காலத்தில் வண்டியோட்டி, இப்போது புளியமரத்தடியில் கிடக்கும் மாரப்பன் அவர்.

வந்திருந்த சொந்தபந்தம் வாசலுக்கு ஓடியது. நானும்தான் ஒதுங்கினேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அண்ணி கரண்டியோடு நின்றபடி, அந்த ஆளை எழுப்பு என்று சவரியாத்தாளுக்குச் சைகை காட்டினாள். மாரப்பனே எழப் பார்த்தார். சவரியாத்தாள் அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உக்காருங்க. ஏனுங்கம்மா, இப்பத்தானுங்க சூசையப்பரேன்னு முட்டி போட்டுக் கும்பிட்டீங்க. எந்திரிக்கச் சொல்றதுன்னா உங்க வாயாலயே சொல்லிப்போடுங்க."

அண்ணி சட்டியில் கரண்டியை விட்டாள். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. அவள் நிமிராமல் பரிமாறியது பக்தியால் என்று பிற்பாடு சொன்னார்கள். கிடையாது, கோபம்தான். பரிமாறிக்கொண்டே சவரியாத்தாளிடம் தாழ்ந்த குரலில், நாளையிலிருந்து இந்த வீட்டுப் படி ஏறாதே என்றாள்.

இருந்த ஒரே பிழைப்பும் போயிற்று. சவரியாத்தாள் குனிந்து மாரப்பனின் இலையைப் பார்த்தாள்.

"சரிங்கம்மா, ஏறலீங்க. அவருக்குப் பாயசம் ஊத்துங்க."